இறப்பர் துளிர்க்கும் முன் பெட்டியைத் திறந்து பாருங்கள்

சென்ற மாதம் கடைக்கு வந்த ஓர் இளைஞர், "நானா, பத்துத் தேன்பெட்டி வாங்கி வைக்கலாம் என்று நினைக்கிறேன். இலாபம் வருமா?" என்று கேட்டார். அவருக்கு டவுனில் ஒரு ஹார்ட்வெயார் கடை இருக்கிறது. மாமனார் வழியில் இரண்டு ஏக்கர் இறப்பர்க் காணியும் இருக்கிறது. நான் அவரிடம் திருப்பிக் கேட்டேன்: "ஜனவரி மாதத்தில் கிழமைக்கு ஒரு காலைப்பொழுதை அந்தப் பெட்டிகளுக்குக் கொடுப்பீர்களா?" இளைஞர் யோசித்தார். "பெட்டியை வைத்துவிட்டால் தேனீ தன் பாட்டில் வேலை செய்யும் என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள்" என்றார்.

எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். 2013ஆம் ஆண்டு மாவனல்லைக்குப் பக்கத்தில் நண்பர் ஒருவருடைய இறப்பர்க் காணியில் ஆறு பெட்டிகளை வைத்தோம். பூச்சியோடுதான் வாங்கினோம். கடையில் வேலை அதிகம். இரண்டொரு தடவை போய், வாசலில் தேனீ பறக்கிறதா என்று தூரத்தில் நின்று பார்த்துவிட்டு வந்தேன். பறந்தது. போதும் என்று நினைத்தேன். வாடிக்கையாளர்கள் பதினொரு பேரிடம் போத்தலுக்கு முற்பணமும் வாங்கிவிட்டேன். மார்ச் மாதம் தேன் எடுக்கப் போனால், இரண்டு பெட்டிகளில் தேனீ இல்லை. அடையெல்லாம் நூலாம்படை பிடித்து, உள்ளே வெள்ளைப் புழு நெளிந்தது. ஒன்றில் எறும்பு குடியிருந்தது. இன்னும் இரண்டில் கைப்பிடியளவு தேனீ. ஒரேயொரு பெட்டியில் மட்டும் ஒன்றரைப் போத்தல் தேன் கிடைத்தது.

அந்தச் செய்தி எப்படியோ வெளியில் போய், ஒரு தரகர் கேனோடு வந்தார். "முதலாளி, இதை உங்கள் போத்தலில் ஊற்றுங்கள், யாருக்கும் தெரியாது" என்றார். விரலால் தொட்டுப் பார்த்தேன். சீனிப்பாணி. பதினொரு பேருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். வாங்கிய முற்பணத்தைத் திருப்பிக் கொடுத்தது என் முப்பது வருட வியாபாரத்தில் அது மூன்றாவது தடவை. சிலர் மறு வருடம் முற்பணம் தரவில்லை. அவர்கள் செய்ததில் தப்பில்லை.

நட்டம் எங்கே வந்தது என்பதை எனக்கு விளங்கப்படுத்தியவர் பக்கத்துக் கிராமத்துச் சிங்களப் பெரியவர் ஒருவர். வீட்டுத் தாழ்வாரத்தில் மண்முட்டிகளைக் கட்டித் தொங்கவிட்டுத் தேனீ வளர்த்த பரம்பரையைச் சேர்ந்தவர். அவர் கேட்ட ஒரே கேள்வி: "மரம் இலை கொட்டியபோது பெட்டியைத் திறந்து பார்த்தீர்களா, முதலாளி?"

ஐரோப்பிய நாடுகளில் தேனீ வளர்ப்போருக்கு வசந்த காலப் பரிசோதனை என்பது ஒரு பெரிய காரியம். பனிக்காலம் முழுதும் மூடிக் கிடந்த பெட்டியைக் குளிர் தணிந்து வெயில் ஏறிய ஒரு நாளில் திறந்து, இராணி உயிரோடு இருக்கிறதா, உணவு மிச்சமா என்று பார்ப்பார்கள். அந்த வருடத்துத் தேன் அன்றைக்கே பாதி தீர்மானமாகிவிடும். எமக்குப் பனியும் இல்லை, வசந்தமும் இல்லை. ஆனால் எமது தேனீக்கும் ஒரு வசந்தம் உண்டு. களுத்துறை, கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களில் அது இறப்பர் மரத்தோடு வருகிறது.

இறப்பர் மரம் வருடத்துக்கு ஒரு தடவை இலையை உதிர்த்துவிட்டு நிற்கும். டிசம்பர் கடைசியில் ஆரம்பித்து பெப்ரவரி வரை, இடத்துக்கு இடம் முந்தியும் பிந்தியும் இது நடக்கும். பிறகு செம்பு நிறத்தில் கொழுந்து விடும். மூன்று இலைகள் வந்து சேரும் காம்பு நுனியில் சின்னஞ்சிறு சுரப்பிகள் இருக்கின்றன. இலை முற்றும் வரையான அந்தச் சில கிழமைகளுக்கு அவற்றில் இனிப்பு நீர் ஊறும். தேனீ அதைத்தான் அள்ளுகிறது. இறப்பர்த் தேன் பூவிலிருந்து வருவதாகவே பலர் நினைத்திருக்கிறார்கள். நானும் நெடுநாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். பெரும்பங்கு வருவது இலையிலிருந்து.

இனிக் கணக்குக்கு வருவோம். எமது நாட்டுத் தேனீயில் இராணி இட்ட முட்டை, வேலைக்காரத் தேனீயாக வெளியே வர ஏறத்தாழ இருபது நாட்கள் வேண்டும். வந்தவுடன் அது வயலுக்குப் போவதில்லை. அறை துப்புரவாக்குவது, புழுவுக்கு ஊட்டுவது, மெழுகு கட்டுவது என்று இரண்டு மூன்று கிழமை வீட்டு வேலை செய்த பிறகுதான் வெளியே பறந்து தேன் சேர்க்கும். ஆக, முட்டையிட்ட நாளிலிருந்து தேன் சுமக்கும் நாள் வரை நாற்பது நாட்கள். கொழுந்து விட்ட பிறகு இராணி முட்டையிட்டு என்ன பயன்? அந்தத் தேனீக்கள் சுமக்கத் தயாராகும்போது இலை முற்றிப் போயிருக்கும். சேர்க்க எதுவும் இருக்காது, இருக்கிற தேனைத் தின்ன வாய்கள் மட்டும் கூடியிருக்கும்.

புடைவைக் கடைக்காரருக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. பெருநாளைக்கு விற்கும் துணியைப் பெருநாள் கிழமையில் ஓர்டர் செய்கிறவர் உண்டா? இரண்டு மாதம் முன்னரே சரக்கு களஞ்சியத்துக்கு வந்துவிட வேண்டும். தேன்பெட்டியில் சரக்கு என்பது ஆட்பலம். மரம் இலை கொட்டத் தொடங்கும்போது பெட்டியில் முட்டை நிறைந்திருந்தால்தான் கொழுந்து விடும்போது வேலையாட்கள் இருப்பார்கள். ஒக்டோபர், நவம்பர் மழையில் தேனீக்கு வெளியே போக முடியாது, உணவும் குறைவு, குடும்பம் சுருங்கிவிடும். ஜனவரியில் பெட்டி பலவீனமாக இருப்பது இயல்பு. அதைக் கண்டுபிடித்து நிமிர்த்தத்தான் அந்தப் பரிசோதனை.

திறக்கும் முறை பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். எங்களைப் போன்ற கடைக்காரர்கள் தவறு செய்கிற இடம் இது.

மழையில்லாத, காற்றில்லாத, வெயில் ஏறிய காலை நேரம் நல்லது. அப்போது வயதான தேனீக்கள் வெளியே போயிருக்கும், பெட்டியில் நெருக்கம் குறைவாக இருக்கும். அத்தர் பூசிக்கொண்டு போகாதீர்கள். வாசனைச் சோப்பும் வேண்டாம். கடும் வாசனை தேனீயைக் கிளப்பிவிடும். ஒரு வெள்ளிக்கிழமை நேரே பள்ளியிலிருந்து காணிக்குப் போய் நான் வாங்கிய கொட்டு இன்னும் நினைவிருக்கிறது. வெளிர் நிற உடுப்பு அணியுங்கள், முகத்துக்கு வலை போடுங்கள். வாசலுக்கு முன்னால் நிற்காமல் பெட்டியின் பின்புறமோ பக்கத்திலோ நில்லுங்கள்.

திறக்க முன்னரே வாசலைச் சில நிமிடம் பாருங்கள். வந்திறங்கும் தேனீக்களின் பின்கால்களில் மஞ்சளாகவோ வெள்ளையாகவோ உருண்டை ஒட்டியிருந்தால் அது மகரந்தம். மகரந்தம் புழுவுக்கான உணவு. அது தொடர்ந்து உள்ளே போகிறதென்றால் பெரும்பாலும் உள்ளே புழு இருக்கிறது, இராணி முட்டையிடுகிறது என்று பொருள். பறக்கிற தேனீயை மட்டும் பார்த்துவிட்டு நான் திரும்பி வந்தேனே, அங்கேதான் பிழைத்தது. காலில் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. பறந்தவை பக்கத்துப் பெட்டித் தேனீக்களாகவும் இருந்திருக்கலாம், தேனைக் கொள்ளையடிக்க வந்தவையாகவும் இருந்திருக்கலாம்.

தென்னந்தும்பைப் புகைய வைத்து வாசலில் இரண்டொரு தடவை மெதுவாகப் புகை காட்டினால் போதும். எமது தேனீ பயந்த சாதி. புகை அதிகமானால் சட்டத்தில் நிற்காமல் ஓடி மூலையில் கொத்தாகத் தொங்கும், நீங்கள் ஒன்றையும் பார்க்க முடியாது. ஓரத்துச் சட்டத்தை முதலில் தூக்கி இடம் உண்டாக்கிக்கொண்டு, பிறகு மற்றவற்றை ஒவ்வொன்றாக எடுங்கள். சட்டத்தை நிமிர்ந்த நிலையிலேயே, பெட்டிக்கு மேலாகவே பிடிக்க வேண்டும். புது அடை வெயிலில் இளகியிருக்கும், படுக்கையாகத் திருப்பினால் உடைந்து விழும். இராணி தவறி விழுந்தாலும் பெட்டிக்குள்ளேயே விழட்டும்.

இராணியைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். முட்டையைத் தேடுங்கள். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நின்று, அறையின் அடியில் பார்த்தால் அரிசிக் குருணையிலும் சிறிய வெள்ளைக் குச்சி போலத் தெரியும். முதல் நாள் நிமிர்ந்து நிற்கும், மூன்றாம் நாள் படுத்துவிடும். ஓர் அறைக்கு ஒரு முட்டை, அதுவும் அடியின் நடுவில் இருந்தால், மூன்று நாட்களுக்குள் இராணி அங்கே வந்து போயிருக்கிறது. அது போதும். ஓர் அறையில் இரண்டு மூன்று முட்டைகள் தாறுமாறாக ஒட்டியிருந்தால், இராணி செத்து வேலைக்காரத் தேனீக்கள் முட்டையிடத் தொடங்கியிருக்கின்றன. அவற்றிலிருந்து ஆண் தேனீ மட்டுமே வரும். அந்தக் குடும்பம் சில கிழமைகளில் அழியும்.

மூடிய புழு அறைகள் ஓர் அடையில் இடைவெளியில்லாமல் பரவியிருந்தால் இராணி நல்லது. அங்கொன்றும் இங்கொன்றுமாக ஓட்டை விழுந்து கிடந்தால் இராணிக்கு வயதாகிவிட்டது, அல்லது நோய். புழு தோலுக்குள் தண்ணீர் கட்டிப் பை போலச் செத்துக் கிடந்தால் அது பைப்புழு நோயாக இருக்கலாம். 1990களின் தொடக்கத்தில் தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா மாநிலங்களில் நாட்டுத் தேனீ வளர்ப்பையே விழுத்திய நோய் அது. அப்படி ஒன்றைக் கண்டால் அந்தப் பெட்டியின் சட்டத்தை இன்னொரு பெட்டிக்கு மாற்றவே கூடாது. கையையும் கருவிகளையும் கழுவிவிட்டு அடுத்த பெட்டிக்குப் போங்கள். பண்டாரவளை பிந்துனுவெவவில் விவசாயத் திணைக்களத்தின் தேனீ வளர்ப்புப் பிரிவு இருக்கிறது. விளங்காத விடயத்தை அங்கே கேட்கலாம்.

பெட்டியின் அடிப்பலகையைப் பார்க்காமல் மூடாதீர்கள். எமது தேனீக்குப் பழைய கறுத்த அடையைக் கடித்துக் கொட்டும் பழக்கம் உண்டு. அந்த மெழுகுத் தூள்தான் மெழுகு அந்துப்பூச்சியின் பிறப்பிடம். என்னுடைய இரண்டு பெட்டிகளைக் காலி பண்ணிய வெள்ளைப் புழு அதனுடையது. பலகையைச் சுரண்டித் துப்புரவாக்கி, தேனீ உட்காராத கறுத்த அடையை வெட்டியெடுத்துவிட்டால் பாதித் தொல்லை தீர்ந்தது. பெட்டி நிற்கும் கம்பங்களைச் சுற்றித் தண்ணீர்க் கிண்ணம் வைத்தால் எறும்பு ஏறாது. கிண்ணத்தில் தண்ணீர் வற்றிவிடாமல் பார்ப்பதும், காய்ந்த இலை விழுந்து பாலமாகாமல் பார்ப்பதும் உங்கள் வேலை. இலை உதிர் காலத்தில் இறப்பர்க் காணியில் இது சின்ன வேலையில்லை.

உணவு இருக்கிறதா என்பது அடுத்தது. அடையின் மேல் விளிம்பில் வளைவாகத் தேன் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஜனவரியில் சீனிப்பாணி கொடுக்கலாம். ஒரு பங்கு சீனி, ஒரு பங்கு தண்ணீர், பொழுது சாய்ந்த பிறகு, பெட்டிக்குள்ளே, ஒரு சொட்டும் வெளியே சிந்தாமல். சிந்தினால் அடுத்த பெட்டித் தேனீ கொள்ளைக்கு வரும். பாணி உள்ளே வந்தால் இராணி முட்டையைக் கூட்டும். இங்கே ஓர் எல்லை இருக்கிறது. கொழுந்து விரிந்து இனிப்பு ஊறத் தொடங்கியதும் பாணியை நிறுத்திவிட வேண்டும், மேலே தேனறை வைத்த பிறகு ஒரு கரண்டியும் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் தேனீ அதைக் கொண்டுபோய் உங்கள் தேனறையிலேயே நிரப்பும். தேனீ தொட்டதால் சீனி தேனாகிவிடாது. கேனில் கொண்டுவந்த தரகரும் பெட்டிக்குள் பாணி ஊற்றுகிறவரும் எனக்கு ஒன்றுதான். வித்தியாசம், இரண்டாமவர் தேனீயையும் கூட்டாளியாக்கிவிடுகிறார்.

மகரந்தத்துக்கு மட்டும் இறப்பரை நம்ப முடியாது. இனிப்பு நீர் தாராளம், மகரந்தம் மிகக் குறைவு. காணியின் நடுவில் பெட்டியை வைப்பதைவிட, தென்னை நிற்கும் வீட்டுத்தோட்டத்தை ஒட்டிய ஓரத்தில் வைப்பது நல்லது. தென்னை வருடம் முழுதும் பூக்கும்.

பலவீனமான பெட்டிகளை என்ன செய்வது? வியாபாரிக்கு மனம் வராத காரியம் இது: இரண்டை ஒன்றாக்கிவிடுங்கள். நாலு அடையில் தேனீ இருக்கும் இரண்டு பெட்டிகள், எட்டு அடை நிறைந்த ஒரு பெட்டி தரும் தேனில் பாதியைக்கூடத் தராது. இருக்கிற தேனீக்கள் புழுவைச் சூடாக வைத்திருக்கவே சரியாகப் போய்விடும். நோயில்லை என்பதை உறுதிப்படுத்திக்கொண்டு, மோசமான இராணியை அகற்றிவிட்டு, மாலையில் ஒரு பெட்டியின் மேல் பத்திரிகைத் தாள் ஒன்றை விரித்து, ஊசியால் சில துளைகள் குத்தி, அதன்மேல் மற்றப் பெட்டியை வையுங்கள். இரண்டு பக்கமும் தாளைக் கடித்துத் திறப்பதற்குள் வாசனை கலந்துவிடும், சண்டை வராது. இந்தப் பத்திரிகையையும் அதற்குப் பாவிக்கலாம், ஆசிரியர் கோபிக்கமாட்டார். வாசித்து முடித்த பிறகு பாவியுங்கள்.

பலம் கூடியதும் எதிர்ப்பக்கத் தொல்லை ஆரம்பிக்கும். இடம் போதாவிட்டால் குடும்பம் பிரிந்து பறக்கும். முதலில் ஆண் தேனீ அறைகள் தெரியும். அவற்றின் மூடி கூம்பாக, நடுவில் ஊசிமுனைத் துளையோடு இருக்கும். பிறகு அடையின் கீழ் விளிம்பில் நிலக்கடலை போல இராணி அறை தொங்கும். அது மூடப்பட்டால் பழைய இராணி பாதித் தேனீக்களை அழைத்துக்கொண்டு போகத் தயார். முட்டையிலிருந்து அறை மூட எட்டு நாட்கள்தான். கிழமைக்கு ஒரு தடவை பார்க்கச் சொல்வது இதனால்தான். அதற்காக ஆசையில் தினமும் திறக்காதீர்கள். அடிக்கடி கலைத்தால் நாட்டுத் தேனீ பெட்டியையே விட்டுப் போய்விடும். ஒரு பெட்டிக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

இராணி அறையைக் கண்டதும் நீங்கள் ஒரு முடிவெடுக்க வேண்டும். அந்தக் குடும்பத்தைப் பிரித்து இரண்டு பெட்டியாக்கலாம், முதல் பெருகும். அல்லது இராணி அறைகளை அகற்றி, மேலே தேனறை வைத்து இடம் கொடுக்கலாம், இந்தப் பருவத்துத் தேன் கிடைக்கும். இரண்டையும் ஒரே பெட்டியில் ஒரே வருடத்தில் எதிர்பார்த்தால் இரண்டும் கிடைக்காது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதல் வருடம் பிரிப்பதற்கே வைத்துக்கொள்ளட்டும் என்பது என் அபிப்பிராயம். என் நண்பர் இதை ஒப்புக்கொள்ளமாட்டார், அவருக்குத் தேன் போத்தலைக் கண்ணால் கண்டால்தான் நம்பிக்கை.

கொழுந்துக் காலத்தில் மழை பெய்தால் இலையில் ஊறியது கழுவிப் போகும். அதற்கு யாரும் ஒன்றும் செய்ய முடியாது. 2019ஆம் ஆண்டு முதல் இறப்பர்க் காணிகளில் பரவிய வட்ட இலைப்புள்ளி நோயால் மரங்கள் காலம் தவறியும் இலை கொட்டுகின்றன. ஆகவே நாட்காட்டியை நம்பாமல் மரத்தைப் பாருங்கள்.

அறைகள் மெழுகால் மூடப்பட்ட அடையிலிருந்து மட்டும் தேன் எடுங்கள். மூடாத தேனில் தண்ணீர் அதிகம், போத்தலில் புளித்து மூடியைத் தள்ளும். சர்வதேச கோடெக்ஸ் தரத்தின்படி பொதுவாகத் தேனில் ஈரப்பதம் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கீழறையில் உள்ள தேனைத் தொடாதீர்கள், அது மே மாதம் தொடங்கும் மழைக்கு அவற்றின் உணவு. கடையில் விற்கிறவர்களுக்கு இன்னொன்று: 750 மில்லிலீற்றர் போத்தல் தேன் ஒரு கிலோவைத் தாண்டும். நிறையில் வாங்கிப் போத்தலில் விற்கும்போது இதைக் கணக்கில் எடுங்கள். இறப்பர்த் தேன் சீக்கிரம் உறையும் தன்மையுள்ளது. உறைந்தால் சீனி கலந்தது என்று வாடிக்கையாளர் திருப்பிக் கொண்டு வருவார். சுத்தமான தேனும் உறையும் என்று விற்கும்போதே சொல்லிவிடுங்கள். போத்தலை இளஞ்சூட்டுத் தண்ணீரில் வைத்தால் இளகிவிடும். தீக்குச்சியைத் தோய்த்துப் பற்றவைப்பது, எறும்பு வருகிறதா என்று பார்ப்பது எல்லாம் பரிசோதனையே அல்ல.

ஹார்ட்வெயார் கடை இளைஞர் பத்துக்குப் பதிலாக மூன்று பெட்டிகள் சொல்லியிருக்கிறார். ஜனவரி முதல் சனிக்கிழமை இருவரும் சேர்ந்து திறந்து பார்ப்பதாக ஏற்பாடு. அத்தர் பூசாமல் வரச் சொல்லியிருக்கிறேன்.